திமிர் பிடித்த மீன்

கல்யாண வீட்டுப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேச்சு வாக்கில் நேரம் போய், எழப் பார்க்கும்போது கால் நம்முடையதாக இருக்காது. மரத்துப்போச்சு என்போம். என் பாட்டி, "திமிரு ஏறிடுச்சாடா? கட்டைவிரலை இழுத்து விடு" என்பாள். பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிக்கொண்டே வாத்தியார் "ரொம்பத் திமிருடா உனக்கு" என்று சொல்கிற அதே சொல், காலில் எப்படி ஏறும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அகராதி புரட்டும் வயது வந்தபின் பார்த்தால் பாட்டிதான் பழைய கட்சி. திமிர் என்றால் மரப்பு, விறைப்பு, உணர்வு அற்றுப்போதல். சித்த வைத்தியர் சொல்லும் திமிர்வாதம், அங்கம் உணர்விழக்கும் நோய்; ஆணவக்காரர்களுக்கு வரும் வாதமல்ல. பக்கத்துத் தெலுங்கில் 'திம்மிரி' என்றால் இன்றைக்கும் கைகால் மரப்புதான். உடம்பில் உறைக்காததைக் குறித்த சொல், சொன்னால் உறைக்காத மனசையும் குறிக்கத் தொடங்கி, கடைசியில் மனசே சொல்லை முழுக்க எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். (பிடியை உதறிக்கொண்டு ஓடுகிற 'திமிறு' வேறு, அது வல்லின றகரம்.)

மரத்த இந்தக் காலோடு நான் போக நினைப்பது பசிபிக் கடலுக்கு. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானோடு அங்கே நடத்திய போரில் அவர்கள் நம்பியிருந்த ஆயுதத்துக்கு டார்பிடோ என்று பெயர். டார்பிடோ என்றால் லத்தீனில் திமிர். ஏறக்குறைய அல்ல, நேராக அதேதான். 'டார்பெரே' என்றால் மரத்துப்போதல். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'டார்பிடோ'. மந்தம், மரப்பு என்று ரோமானியர் அதைப் புழங்கினார்கள். ஒரு மீனுக்கும் அதையே பெயராக வைத்தார்கள்.

அந்த மீன் ஒரு திருக்கை. தோசைக்கல் போல வட்டமாக, சதைப்பற்றாக, செதிலே இல்லாமல் கடலடி மணலில் புதைந்து கிடக்கும். தலைக்கு இரு பக்கமும் தோலுக்கடியில் அவரைவிதை வடிவில் இரண்டு உறுப்புகள். தேன்கூட்டு அறைகள் மாதிரி அவற்றில் அடுக்கடுக்காகக் கிடக்கும் திசுக்கள்தான் மின்சாரம் உண்டாக்குபவை. தெரியாமல் மிதித்தால் முழங்கால் வரை செத்துப்போகும். மின்சாரம் என்ற ஒன்றை மனிதன் அறியுமுன்பே இந்த மீனை அறிந்திருந்தான். ஆகவே அவன் வைத்த பெயர் மின்னலைப் பற்றியதல்ல, தன் காலைப் பற்றியது. கிரேக்கர்கள் இதை 'நார்க்கே' என்றார்கள். அதற்கும் மரப்பு என்றே பொருள். நம் செய்தித்தாள்களில் குற்றவாளிக்கு 'நார்கோ சோதனை' என்று படிக்கிறோமே, அதன் கொள்ளுப்பாட்டி இந்தத் திருக்கை. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் மெனோ என்பவர், உம்மோடு பேசினால் மனசும் வாயும் மரத்துப்போகிறது, நீர் நார்க்கே மீன்தான் என்று சாக்ரடீசைக் கிண்டல் செய்கிறார். ரோமில் கிளாடியஸ் மன்னர் காலத்து மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் இன்னும் காரியவாதி. மூட்டு வாதக்காரரை ஈரக் கடற்கரையில் நிறுத்தி, உயிரோடிருக்கும் டார்பிடோவைக் காலுக்கடியில் வைத்து, முழங்கால் மரக்கும்வரை நிற்கச் சொன்னார். தீராத தலைவலிக்கும் அதே மீன். வலிக்கிற இடத்தில் வைக்க வேண்டியது.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. 1801-ல் பெர்லினிலிருந்து வந்த பிளாக், ஷ்னைடர் இருவரின் பெரிய மீன்நூலில் தரங்கம்பாடிக் கடலின் மின்திருக்கை ஒன்றுக்கு 'டிம்லெய்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இன்றும் அதன் அறிவியல் பெயரில் அந்தச் சொல் நிற்கிறது. இரண்டு வருஷம் கழித்து, பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்து மீன்களைப் படம் போட்டு வெளியிட்ட நூலில் இந்த இனத்தை 'டெமரீ' என்றும் 'நல்ல டெமரீ' என்றும் குறித்தார். நல்லது என்று தமிழன் ஏமாற வேண்டாம். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. டெமரீயின் அடியில் திம்மிரி அப்படியே கிடக்கிறது. டிம்லெய்யின் அடியில் நம் திமிர் கிடக்கிறது என்பது என் கணிப்பு. ஜப்பானிலும் இந்த மீன் 'ஷிபிரே எய்'. ஷிபிரே என்றால் மரப்பு, எய் என்றால் திருக்கை. நாலு கரைகளில் மீனவன் மீனை மிதித்துவிட்டுச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்.

அந்த மரப்பு மின்சாரத்தால் வருவது என்று நிறுவியவர் ஜான் வால்ஷ். இங்கிலாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சென்னையில் இருந்தவர், ராபர்ட் கிளைவுக்குச் செயலாளர். கைநிறையப் பணத்தோடு ஊர் திரும்பியவர், 1772-ல் பிரான்சின் லா ரோஷெல் கரைக்குப் போய் டார்பிடோ மீன்களை வாங்கிச் சோதித்தார். தாம் கண்டதைப் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு எழுதினார். பின்னால் வோல்ட்டா முதல் மின்கலத்தைக் கட்டியபோது, அதை இந்த மீனின் உறுப்போடுதான் ஒப்பிட்டார். ஆக, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் படித்தவர் வட்டாரத்தில் டார்பிடோ என்பது பரபரப்பான சொல். மறைந்து கிடக்கும், தொட்டால் அடிக்கும்.

அந்தப் பரபரப்பில் கைவைத்தவர் ராபர்ட் ஃபுல்டன். நீராவிப் படகால் பிற்காலத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர். 1800-ல் பிரான்சில் நாட்டிலஸ் என்று ஒரு நீர்மூழ்கி கட்டினார். நெப்போலியன் சர்க்காரிடம் விற்கப் பார்த்தார், முடியவில்லை. இங்கிலாந்துக்குப் போய் அவர்களிடம் விற்கப் பார்த்தார். 1805-ல் டொரோத்தியா என்ற பழைய கப்பலை வெடிவைத்துக் காட்சிக்காக இரண்டாக உடைத்தும் காட்டினார். வெடிமருந்து அடைத்த அந்தப் பெட்டிக்கு அவர் சொன்ன பெயர் டார்பிடோ. 1810-ல் 'டார்பிடோ போர்' என்றே ஒரு நூல் எழுதினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபுல்டனின் டார்பிடோ ஓடாது, நீந்தாது. நீரில் கிடந்து, கப்பல் வந்து இடிக்கக் காத்திருக்கும். இன்றைய தமிழில் அதற்குக் கண்ணிவெடி என்று பெயர். மீனின் குணத்துக்கு இதுதான் பொருத்தம். அந்தத் திருக்கையும் துரத்தி அடிப்பதல்ல, கிடந்து அடிப்பது.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் டார்பிடோ என்றால் இந்தக் கண்ணிவெடிதான். 1864 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மொபைல் விரிகுடாவில் அட்மிரல் ஃபாரகட் டார்பிடோக்களைச் சட்டை செய்யாமல் முன்னேறச் சொன்னது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. முன்னே போன டெகம்சே என்ற இரும்புக் கப்பல் ஒரு டார்பிடோவில் இடித்துச் சில நிமிஷங்களில் மூழ்கியது. ஃபாரகட்டின் ஹார்ட்ஃபோர்டு கப்பல் அதே பாதையில் போனது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் அடிப்பலகையில் டார்பிடோக்கள் உரசுவதையும், வெடிமூட்டிகள் 'டிக்', 'டிக்' என்று சொடுக்குவதையும் கேட்டார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. தண்ணீரில் ஊறி மருந்து நமுத்துப்போயிருந்தது. அந்த 'டிக்' சத்தத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 79 வருஷம் கழித்து அது திரும்ப வரும்.

கிடந்த டார்பிடோவுக்கு ஓட்டம் கொடுத்தவர் ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். ஏட்ரியாட்டிக் கரையில் ஃபியூமே என்ற ஊரில், 1866-ல். சுருட்டு வடிவ இரும்புக் குழாய், உள்ளே அழுத்திய காற்று, வாலில் உந்துவிசிறி. பார்த்தால் மீன் போலவே இருந்ததால் இதை 'மீன் டார்பிடோ' என்றார்கள். டார்பிடோவே மீன்தானே! நம்மூரில் 'நடுசென்டர்', 'கேட்டுக்கதவு' என்று சொல்வோமே, அந்த ரகம். 1869-ல் ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட்டில் அமெரிக்கக் கடற்படை டார்பிடோ நிலையம் ஒன்றை நிறுவி, இரண்டு வருஷத்தில் சொந்தமாக மீன் டார்பிடோ செய்தது. ஓடுவது பெருகப் பெருகப் பெயர் அதனோடு ஓடிப்போய்விட்டது. கிடப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் மிஞ்சியது. ஜப்பானியர் கிடப்பதை 'சுயிராய்' என்றார்கள், நீரிடி. ஓடுவதை 'கியொகேய் சுயிராய்' என்றார்கள், மீன்வடிவ நீரிடி. அதைச் சுருக்கி 'கியோராய்': மீனிடி. பசிபிக் போரில் இரண்டு தரப்பும் ஒருவர் மேல் ஒருவர் விட்டது மீன்தான். ஒருவர் மரக்கவைக்கிற மீன், ஒருவர் இடிக்கிற மீன்.

சொல் தரையேறியும் வந்திருக்கிறது. 1912-ல் பெங்களூரில், சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக், முள்கம்பி வேலிக்கடியில் தள்ளி வெடிக்கவைக்கும் நீண்ட குழாய் ஒன்றைச் செய்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர். தமிழ்ச் சிப்பாய்கள் நிறைந்த, தம்பிகள் என்று செல்லப்பெயர் பெற்ற அந்தப் படைப்பிரிவின் குழாய், 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் இருந்தது. அது வேறு கதை. கடலுக்குத் திரும்புவோம்.

போர் தொடங்கியபோது அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு மீன் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. சார்கோ, ஸ்கிப்ஜாக், டினோசா, டாங் என்று எல்லாம் கடலுயிர். அவற்றின் ஆட்கள் டார்பிடோவைத் தங்களுக்குள் 'மீன்' என்றே சொன்னார்கள். தகர மீன் என்றும் சொல்வதுண்டு. மீன் வயிற்றில் மீன். பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அன்றே வாஷிங்டனிலிருந்து வந்த உத்தரவு, ஜப்பானுக்கு எதிராக வரம்பில்லாத நீர்மூழ்கிப் போர் நடத்தச் சொன்னது. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் எதையும் எச்சரிக்கை இல்லாமல் அடிக்கலாம். அடிக்க அவர்களிடம் இருந்தது மார்க் 14. நியூபோர்ட் தயாரிப்பு, 21 அங்குல விட்டம், இருபதடிக்கு மேல் நீளம், ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை, ஒன்றின் விலை சுமார் 10,000 டாலர். அதன் தலையில் மார்க் 6 என்ற ரகசிய வெடிமூட்டி. கப்பலை இடிக்கவே வேண்டாம். அடியில் கடக்கும்போது இரும்பின் காந்தப்புலத்தை உணர்ந்து தானே வெடித்து முதுகெலும்பை முறிக்கும் என்பது ஏற்பாடு. கிட்டத்தட்ட மின்திருக்கையின் வித்தை. 1926-ல் ஒரு பழைய நீர்மூழ்கிக் கூட்டின்மேல் நிஜ வெடியோடு இரண்டு முறை சோதித்தார்கள். ஒன்று வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. அதோடு சோதனை முடிந்தது. விலை அதிகம், வீணாக்கக் கூடாதாம்.

இதையெல்லாம் மேற்பார்த்த அலுவலகத்துக்கு 'ஆர்டினன்ஸ் பீரோ' என்று பெயர். பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். மேசை, அலுவலகம் என்று அங்கே பொருள். நம்மிடம் வரும்போது அது பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் இரும்பு அலமாரியாகிவிட்டது. மார்க் 6 விஷயத்தில் நம்முடைய பொருள்தான் சரி. அந்த வெடிமூட்டியைப் பராமரிப்பது எப்படி என்று கையேடு எழுதினார்கள். ரகசியம் போய்விடும் என்று அச்சடிக்காமல் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

போரின் முதல் மாதமே சங்கதி வெளியே வந்துவிட்டது. சார்கோவின் கேப்டன் டைரல் ஜேகப்ஸ், 1941 டிசம்பரில் எட்டுத் தாக்குதல்களில் 13 டார்பிடோ விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. வானொலி மௌனத்தை முறித்து, இந்தச் சரக்கை நம்பலாமா என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடம், குறி தவறியிருக்கும் என்றது. கேப்டன்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் புலம்ப, பீரோ எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பதில் சொன்னது. டார்பிடோவில் பழுதில்லை, உமக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை. பாட்டியின் திமிரும் வாத்தியாரின் திமிரும் சந்திக்கிற இடம் இது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நீர்மூழ்கிகளுக்குப் பொறுப்பேற்ற சார்லஸ் லாக்வுட், வாஷிங்டனிலிருந்து பதில் வராது என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தார். மீன்பிடி வலை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். 1942 ஜூன் 20. ஆல்பனி ஊர்ப் பக்கம் ஃப்ரெஞ்ச்மேன் விரிகுடாவில் வலையை நீரில் திரைபோலத் தொங்கவிட்டார்கள். நம்மூர்ச் சந்தையில் சூரை என்று விற்கும் இனத்து மீன் ஒன்றின் பெயரைத் தாங்கிய ஸ்கிப்ஜாக் படகு, பத்தடி ஆழத்துக்குத் திருகி வைத்த டார்பிடோவை வலைமேல் விட்டது. வலையை இழுத்து, கிழிசல் எங்கே என்று அளந்தார்கள். 25 அடியில் இருந்தது. ஆக, ஆறு மாதமாக அவர்கள் விட்டது பலவும் எதிரிக் கப்பலின் அடியில் ஆழமாக, எதையும் உணராமல், தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. சோதனை ஓட்டத்தில் இலேசான தலை மாட்டி விட்டதும், ஆழம் பார்க்கும் கருவியை நீரின் அழுத்தம் தப்பாகத் தெரியும் வால்பகுதியில் வைத்ததும் காரணம். லத்தீன்காரன் மீன்பெயர் வைத்த ஒரு ஆயுதத்தின் வண்டவாளம் மீனவன் வலையில் வைத்துத்தான் தெரிந்தது.

அந்த ஸ்கிப்ஜாக் கேப்டன் ஜேம்ஸ் கோவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சோதனைக்கு ஒன்பது நாள் முன்புதான், கலிபோர்னியக் கிடங்கு ஒன்றுக்கு அவர் அமெரிக்கக் கடற்படையே இன்றும் சிரிக்கிற கடிதம் ஒன்று எழுதினார். படகுக்குக் கழிவறைக் காகிதம் 150 சுருள் கேட்டு ஒரு வருஷம் முன்பு அனுப்பிய சீட்டு, 'பொருள் இன்னதென்று அடையாளம் காண இயலவில்லை' என்ற குறிப்போடு ரத்தாகித் திரும்பியிருந்தது. அடையாளத்துக்காக ஒரு மாதிரித் துண்டை இணைத்து, இத்தனை காலம் எங்கள் ஆட்கள் எதைக்கொண்டு சமாளித்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்ற தோரணையில் கேட்டிருந்தார். மரத்துப்போன அலுவலகத்தைக் கிள்ள அதைவிட நல்ல வழி இல்லை. கோ போர் முடிவைப் பார்க்கவில்லை. 1943 செப்டம்பரில் சிஸ்கோ என்ற படகோடு, ஆட்கள் அத்தனை பேரோடும் போனார்.

ஆழக் கோளாறைப் பீரோ 1942 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு திருத்தியதும் அடுத்த வியாதி தெரிந்தது. இப்போது டார்பிடோ கப்பலை எட்டுமுன்பே வெடித்தது, அல்லது அடியில் போயும் வெடிக்கவில்லை. பூமியின் காந்தப்புலம் ரோட் ஐலண்டில் ஒரு மாதிரி, நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு மாதிரி. வெடிமூட்டி ஊர் மாறியதும் தடுமாறியது. 1943 ஜூன் 24-ஆம் தேதி பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் காந்த ஏற்பாட்டை அணைத்துவைக்க உத்தரவிட்டார். ஆனால் அது அவருடைய படைக்கு மட்டும். ஆஸ்திரேலியாவில் அப்போது பொறுப்பிலிருந்த ரால்ஃப் கிறிஸ்டி, அந்த வெடிமூட்டியை நியூபோர்ட்டில் உருவாக்கியவர்களில் ஒருவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு; பல மாதம் அணைக்கவிடவில்லை.

மூன்றாவது வியாதிதான் அந்த 'டிக்'. 1943 ஜூலை 24-ஆம் தேதி, ட்ரக் தீவுக்கு மேற்கே. டினோசாவின் கேப்டன் லாரன்ஸ் டாஸ்பிட் முன்னால் 19,000 டன் டோனன் மாரு 3; திமிங்கில வேட்டைக்குக் கட்டி, எண்ணெய் ஏற்றப் பயன்பட்ட மிகப் பெரிய கப்பல். வாகில்லாத கோணத்திலிருந்து விட்டவற்றில் இரண்டு வெடித்துக் கப்பல் அசைவற்று நின்றது. துணைக்கு வேறு கப்பல் இல்லை. டாஸ்பிட் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி 875 கஜத்தில், கப்பலின் விலாவுக்கு நேர் செங்குத்தாகப் படகை நிறுத்தினார். ஒரு டார்பிடோ. ஓட்டம் நேர். இடித்தது காதில் கேட்டது, தண்ணீர் தெறித்தது கண்ணில் தெரிந்தது. வெடிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. அடுத்ததை விடுமுன் வெளியே இழுத்துச் சரிபார்த்தார்கள், விட்டார்கள், டிக். ஒவ்வொன்றுக்கும் மணி பார்த்து எழுதிவைத்தார் டாஸ்பிட். மொத்தம் விட்டது 15. அதில் 11 இடித்தும் வெடிக்காதவை. பதினாறாவதை விடவில்லை. பிரித்துப் பார்க்கட்டும் என்று குழாயிலிருந்து எடுத்து, பெர்ல் ஹார்பருக்குத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குள் அங்கே மாற்றலாகியிருந்த லாக்வுட், டாஸ்பிட் வந்ததும் வராததுமாகக் கெட்ட வார்த்தையாகக் கொட்டுவார் என்று எதிர்பார்த்தாராம். டாஸ்பிட்டுக்குப் பேச்சே வரவில்லை. கோபத்தில் நாக்கு மரத்துப்போயிருந்தது.

இந்தத் தடவையும் வைத்தியம் களத்தில்தான் நடந்தது. ஹவாயில் கஹோலாவே தீவின் பாறைச் சுவர்மேல் ஆகஸ்ட் 31 அன்று டார்பிடோக்களை விட்டார்கள், மூன்றாவது வெடிக்கவில்லை. உயிரோடிருக்கும் அந்த வெடியைத் தேடி எடுத்துத் திறந்து பார்த்தார்கள். பிறகு மருந்தில்லாத தலைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தட்டின்மேல் போட்டார்கள். நேர் செங்குத்தாக விழுந்தவற்றில் பத்துக்கு ஏழு வெடிமூட்டி வேலை செய்யவில்லை. சாய்வாக விழுந்தவை பரவாயில்லை. வேகமாகவும் நேராகவும் இடித்தால், சுத்தியல் ஊசி மருந்தைத் தொடுமுன் அதன் தடமே நசுங்கிவிடுகிறது. அதாவது குறி கெட்டவனுக்கு வெடிக்கும், குறி தப்பாதவனுக்கு வெடிக்காது. உமக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்று 21 மாதமாகப் பீரோ சொன்னதற்கு இதைவிடக் கொடிய பதில் இருக்க முடியாது. இலேசான உலோகத்தில் புது ஊசி கடைந்தார்கள். பெர்ல் ஹார்பரில் விழுந்த ஜப்பானிய விமானங்களின் விசிறித் தகடும் அதில் உண்டு என்று ஒரு பேச்சு. நியூபோர்ட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த நிலையம் கண்டுபிடிக்காததை, துறைமுகப் பட்டறையில் சில வாரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

1943 செப்டம்பர் முடிவில் புது ஊசியோடு படகுகள் கிளம்பின. அதற்குப் பின் நடந்தது வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. கடற்படையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நீர்மூழ்கிக்காரர்கள், மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல் டன்னேஜில் பாதிக்கு மேல் மூழ்கடித்தார்கள். எண்ணெயும் இரும்பும் அரிசியும் வராமல் ஜப்பான் வற்றிப்போனது. அமெரிக்கர் இழந்தது 52 படகு, மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். முதல் 21 மாதம் மரத்துப்போன டார்பிடோவை நம்பிப் போனவர்களும் அதில் உண்டு. வெடிக்காமல் இடித்த டார்பிடோ, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எதிரிக்குச் சொல்லிவிடும்.

பெயர்க் கதையில் ஒரு திருப்பம் பாக்கி. மார்க் 14 நீராவியில் ஓடுவது. பின்னால் வெள்ளைக் குமிழி வரிசை விட்டுப்போகும். ஜெர்மானியரிடமிருந்து பிடித்த டார்பிடோவைப் பார்த்துச் செய்த மார்க் 18, மின்கலத்தில் ஓடுவது. தடமே தெரியாது. ஃபுல்டன் பெயர் வைத்து ஒன்றேகால் நூற்றாண்டு தாண்டியபின் அமெரிக்க நீர்மூழ்கிகளின் டார்பிடோவுக்குள் மின்சாரம் வந்து சேர்ந்தது. மீனும் ஆயுதமும் அப்போதுதான் நிஜமாகவே ஒன்றாயின.

டாங் என்ற படகு இதைத்தான் ஏற்றியிருந்தது. டாங் என்பதும் மீன். வாலடியில் கத்திபோல முள் உள்ளது. 'டாங்கி' என்ற பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லுக்குக் கூர்முனை என்று பொருள். கத்தியில் பிடிக்குள் செருகும் முனைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். ரிச்சர்டு ஓகேன் தலைமையில் அந்தப் படகு மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையை வேறெந்த அமெரிக்கக் கேப்டனும் எட்டவில்லை. 1944 அக்டோபர் 25-ஆம் தேதி, விடியுமுன், ஃபார்மோசா ஜலசந்தி. 24 டார்பிடோக்களில் 23 போய்விட்டன. கடைசி ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அது கிளம்பியது, நீருக்கு மேல் துள்ளியது, இடப்புறம் வளைந்தது. வளைந்துகொண்டே வந்து டாங்கின் பின்பகுதியில் இடித்தது. இது வெடித்தது. 87 பேரில் உயிரோடு போர் முடிவைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். சிலர் 180 அடி ஆழத்திலிருந்து மூச்சுப்பை மாட்டிக்கொண்டு மேலே வந்தவர்கள். காப்பாற்றி ஏற்றிய ஜப்பானியக் கப்பலில் அவர்களை அடித்து உதைத்தவர்கள், டாங் மூழ்கடித்த கப்பல்களில் தீக்காயம் பட்டுத் தப்பியவர்கள். அது தெரிந்தபின் அந்த அடியை வேறு மாதிரித் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று ஓகேன் பின்னாளில் எழுதினார்.

டினோசாவின் 11 'டிக்'குகளைத் தாங்கிய டோனன் மாரு, ட்ரக்கில் 1944-ல் விமானத் தாக்குதலில் மூழ்கியது. 1951-ல் அதைத் தூக்கியெடுத்துப் பழுதுபார்த்து, மறுபடி திமிங்கிலம் பிடிக்க அனுப்பினார்கள்.

பாடநூலும் அகராதியும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டார்பிடோவை 'நீர்மூழ்கிக் குண்டு' என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீர்மூழ்கியின் தலையில் மேலிருந்து போடுகிற டெப்த் சார்ஜோடு அது குழம்புகிறது. மேலும், அது மூழ்குவதற்கல்ல, ஓடுவதற்கு. டார்பிடோவைத் தமிழிலும் டார்பிடோ என்றே விடலாம், கெட்டுப்போகாது. மீனைப் பற்றி எழுதும்போது மட்டும், 'மின் திருக்கை' என்று நீங்கள் போடும் இடத்தில் பக்கத்திலேயே 'திமிர்த் திருக்கை' என்றும் சேர்த்துப் போடுங்கள்.